இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்ற கதை

அன்புக் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் சிறுநீரகங்களைத் தவிர. அவையும் சுகமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று போன வாரம் வீடியோ போனில் உன் குரலே சொல்லிவிட்டது. ஆனால் பேச்சுக்கு நடுவில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாயே, அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நாள் முழுக்க நுண்ணோக்கிக்கு முன்னால் குனிந்து கிடப்பவளுக்கு அந்த உயரமான தலையணை எதற்கு, அதைத் தூக்கி மாப்பிள்ளையிடம் கொடு. இங்கே புதுச் செய்தி என்று பார்த்தால், மேல் வீட்டுக்காரர்கள் துணி துவைக்கிற மெஷின் வாங்கியிருக்கிறார்கள், அது சுற்றும்போதெல்லாம் நம் சமையலறை அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடுகின்றன. அப்பா மாடி ஏறிப் போய்ப் பார்த்து, ஒரு கால் மட்டும் குட்டை என்று கண்டுபிடித்து அட்டையை மடித்து அடியில் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது தட்டுகள் முணுமுணுப்பதோடு சரி. மாடி ஏறினால் மூச்சு வாங்குமே என்று கேட்டதற்கு, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் படி ஏறினால் அதுதான் செய்தி என்று ஒரு சிரிப்பு. ஆக, சிரிக்கிறார். அதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்.

ஒரு மாதத்துக்கு முன்னால் நீ கேட்டாய், அப்பா ஏன் இப்படி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார், என்னம்மா செய்தாய் அவரை என்று. அடுத்த அறையில் அவரை வைத்துக்கொண்டு போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன் என்றேன். என்ன செய்தாய் என்று என்னைத்தான் கேட்டாய், என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, அதையும் கவனித்தேன். நீ எப்போதுமே அப்பா கட்சி. சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் அப்பாவின் மேல் பொறாமை. வகுப்பில் ஆசைக்கும் பொறாமைக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்டால் ஓர் உதாரணம் சொல்வேன். பக்கத்தில் இருப்பவளுடைய பேனா மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்றால் அது ஆசை, அவளுடைய பேனா எழுதாமல் போகட்டும் என்றால் அது பொறாமை. எனக்கு வந்தது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம். பேனா என்னுடையது, ஆனால் என் கையில் எழுதியதைவிட அடுத்தவர் கையில் நன்றாக எழுதுகிறது. இதற்கு என்ன பெயர் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

பேனா என்று எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். சரித்திர வகுப்பில் மணி அடிப்பதற்கு முன்னால் கடைசிக் கொஞ்ச நேரம் பாடத்தை மூடி வைத்துவிட்டு, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கதை சொல்வது என் வழக்கம். புல்லாங்குழலைக் கண்டுபிடித்த ஒரு தேவதை, ஊதும்போது தன் கன்னம் எப்படி உப்புகிறது என்று தண்ணீரில் பார்த்துவிட்டு வெட்கம் தாங்காமல் அதைத் தூக்கி எறிந்த கதை. பெரிய இசைமேதை ஒருவருடைய தலையைக் கல்லறையிலிருந்து திருடிப் போய், அதற்குப் பதில் வேறு யாருடைய மண்டையோட்டையோ வைத்து மூடி, ரொம்பக் காலம் கழித்து நிஜத் தலை திரும்பி வந்தபோது பழையதை எடுக்காமல் விட்டதால் இன்றைக்கும் அவர் இரண்டு மண்டையோடுகளோடு படுத்திருக்கிற கதை. ஒவ்வொன்றையும் நூலகத்தில் தேடி, ஒன்றுக்கு இரண்டு புத்தகத்தில் ஒத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். வகுப்பில் சொல்வதற்கு முதல் நாள் இரவு சாப்பாட்டில் அப்பாவிடம் சொல்லிப் பார்ப்பேன், ஒத்திகை மாதிரி. அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே ம் என்பார். மண்டையோட்டுக்கும் ம், புல்லாங்குழலுக்கும் ம். இந்த மனிதர் காதில் விழுகிறதா இல்லையா என்று நான் அலுத்துக்கொண்ட நாட்கள் எத்தனையோ.

இப்போது டயாலிசிஸ் அறைக்கு வருகிறேன். நீ ஊருக்கு வந்தபோது பார்த்த பழைய இடம் இல்லை இது, போன வருடம் மாற்றிவிட்டார்கள். நீளமான அறை, ஜன்னல் பக்கம் ஒரு வரிசை, சுவர்ப் பக்கம் ஒரு வரிசை, சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின். நாற்காலியில் ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் எடை பார்க்கிற மெஷினில் ஏறி நின்று, போன தடவைக்கு இப்போது எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அந்த இடத்தில் எல்லோர் முகமும் பரீட்சைத் தாளை வாங்கப் போகிற பிள்ளையின் முகம்தான். ஊசி குத்திய கையை மடக்கினால் மெஷின் கத்தும். நாலு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும், கால் பிடித்து இழுக்கும், தலை சுற்றும், சிலருக்குத் தாங்காது, போதும் அவிழ்த்து விடுங்கள் என்று பாதியில் எழுந்துவிடுவார்கள். பாதியில் எழுந்தால் உடம்பிலிருந்து போக வேண்டிய தண்ணீரும் கழிவும் உள்ளேயே நின்றுவிடும், அது நுரையீரலில் ஏறும். கூட வருபவர்கள் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார வேண்டும், நானும் ஒரு புத்தகத்தோடு அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். இந்த வருடம் ஆரம்பத்திலிருந்து ஒரு விஷயம், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். அந்த அறையிலிருந்து சிரிப்பு வருவது எப்படி என்றால், பரீட்சை ஹாலிலிருந்து கைதட்டல் வருகிற மாதிரி. பெரிய சிஸ்டர், அந்த அறைக்குப் பொறுப்பானவர், வெளியே வந்து, "டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரர் இருக்கிற நாள்ல எங்களுக்குப் பாதி வேலைதான். கதை முடியாம ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டேங்கிறாங்க" என்றார். யார், எங்கள் வீட்டு ம் தானா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அப்பாவுக்கு அடுத்த நாற்காலி ஒரு தையல்காரம்மாவுக்கு, நாற்காலியில் ஏறும்போதுகூட கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். அந்தம்மா ஒரு நாள் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கே என் மண்டையோட்டுக் கதையைச் சொன்னார். கண்ணு, என்னால் தாங்க முடியவில்லை. அதில் இரண்டு மண்டையோடுகளும் கல்லறைக்குள் சண்டை போடுகின்றன. நீ யாருடா என் தலையணையில என்று ஒன்று கேட்கிறது, மொதல்ல வந்தவன் நான்தான் என்று இன்னொன்று சொல்கிறது, கடைசியில் இசைமேதையின் தலை ஒரு மெட்டை முணுமுணுக்க மற்றது அழுதுவிட்டு நகர்ந்து இடம் கொடுக்கிறது. இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "புத்தகமா? அண்ணன் சொன்னாரு" என்றார் தையல்காரம்மா, கோயில் கல்வெட்டைக் காட்டுகிற மாதிரி. வகுப்பில் நான் இதைச் சொன்னபோது கடைசி வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இங்கே ஊசி குத்திய கையோடு சிரித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏங்க, என் கதையை எடுத்து அங்கே சொல்கிறீர்களாமே, அதுவும் இல்லாததையெல்லாம் சேர்த்து. அவர் மருந்து டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டால் ஒருவர் மேலே மெஷின் அறையில் வேலை பார்ப்பாராம், இன்னொருவர் கதவோரம் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டுமாம். "பேச்சு நின்னா பயந்துடுவாங்க டீச்சர். கதவை இழுத்துத் திறந்து இடுக்கு வழியா குதிக்கப் பார்ப்பாங்க, ஆபத்து அதுலதான். எங்க ஆளுங்கள்ல பேசறது என் வேலை" என்றார். என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். "வேற என்ன, நீ சாப்பாட்டுல சொன்னதுதான். ஆனா ஒண்ணு, லிஃப்ட் நகர்றதுக்குள்ள கதை முடிஞ்சிடக் கூடாது. அதனால இழுக்கணும், சேர்க்கணும், முடிவைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கணும். உள்ள இருக்கிறவன் எந்தப் புத்தகம்னு கேக்க மாட்டான்" என்றார். யோசித்துப் பார், எத்தனையோ கட்டடங்களில் இருட்டில் மாட்டிக்கொண்டு நின்ற, நான் முகமே பார்த்திராத ஆட்களெல்லாம் இத்தனை வருடமும் என் கதைகளைக் கேட்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் ம். அந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மேல்கூட எனக்கு அன்றைக்குப் பொறாமை வந்தது. நானும் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இனிமேல்தான் விஷயம். எதிர் வரிசையில் ஒரு லாரிக்காரர் இருக்கிறார், பெரிய உடம்பு, பெரிய குரல். பாதியில் அவிழ்க்கச் சொல்வதில் அவர்தான் முதல் ஆள், அப்பா கதை ஆரம்பித்த பிறகுதான் முழு நேரமும் படுத்திருந்தார். சர்க்கரை அவருடைய இடது கால் விரலில் புண் வைத்து அது கறுத்துவிட்டது. விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அவர் கிளட்ச் மிதிக்கிற காலில் கை வைக்கக் கூடாது என்று உறுதியாக நின்றார். அவரைச் சிரிக்க வைக்கத்தான் அப்பா அந்தக் கதையை எடுத்திருக்கிறார். அரசவை இசையமைப்பாளர் ஒருவர், உனக்கும் சொல்லியிருக்கிறேன். அரசனுக்கு உட்காரும் இடத்தில் ஒரு கோளாறு, அதை அறுத்துச் சரிசெய்தார்கள், உடனே அரசவைக்காரர்களில் சிலர் ராஜாவுக்குச் செய்த அறுவை எங்களுக்கும் வேண்டும் என்று நோயே இல்லாமல் வைத்தியரிடம் போய் நின்றார்களாம். இது அப்பா சேர்த்தது இல்லை, அப்படித்தான் சொல்லப்படுகிறது. அரசன் குணமான சந்தோஷத்துக்கு நடந்த கச்சேரியில் அந்த இசையமைப்பாளர் ஒரு கனத்த கோலைத் தரையில் தட்டித் தாளம் போட்டார், தட்டியது தன் கால் விரலிலேயே பட்டுவிட்டது. புண் அழுகியது. விரலை எடுக்கலாம் என்றார்கள், நான் நடனக்காரன் மாட்டேன் என்றார், பாதம் என்றார்கள், கால் என்றார்கள், எதற்கும் சம்மதிக்கவில்லை. வைத்தியர் ரம்பத்தைத் தூக்கிய இடத்தில் அப்பா கதையை நிறுத்திவிட்டு நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார், இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்டை நிறுத்தின மாதிரி. இரண்டு நாள் அந்த அறையே ரம்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அடுத்த தடவை குளிராக இருக்கிறது என்று அப்பாவின் ஸ்வெட்டரைக் கொடுக்க என்னை உள்ளே விட்டார்கள். நான் போனபோது முடிவு நடந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் மட்டும் அபிநயம் பிடிக்கிறார், அந்த இசையமைப்பாளர் ரம்பத்தைப் பார்த்ததும் ஒற்றைக் காலில் ஆடிக் காட்டுகிறார், வைத்தியரே தாளம் போடுகிறார், ஆடின ஆட்டத்தில் ரத்தம் ஓடிப் புண் ஆறிவிடுகிறது, அரசன் எழுந்து நின்று, இத்தனை நாள் உட்கார முடியாமல் நின்றவன் இப்போது மரியாதைக்காக நிற்கிறான் என்று. அறையே சிரிக்கிறது, லாரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்ப வெட்ட வேண்டாம், அப்படித்தானேண்ணே?" என்று கேட்கிறார். வாசலில் ஸ்வெட்டரோடு நின்ற என் வாயிலிருந்து வந்தது, "அவர் செத்துப் போய்ட்டார்" என்பது. அதோடு விட்டேனா, இல்லை, பாடம் எடுக்கிறவளுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. விரலை எடுக்க விடாததால் அழுகல் மேலே மேலே ஏறி, ரத்தம் கெட்டுச் செத்தார் என்று முழுசாகச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் பார், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு படுத்திருப்பவர்களிடம். மெஷின்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த வார்த்தைகள் உண்மைக்காக வந்தவை என்று உன்னிடம் சொல்லலாம், பாதி அதுதான். மீதிப் பாதி அந்தச் சிரிப்பு என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம். அப்பா ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்த மௌனத்தைத்தான் நீ போனில் பார்த்தாய். வீட்டிலும் பேச்சு இல்லை, அங்கேயும் இல்லை, ம் கூட நின்றுபோயிற்று. கோபமா என்று கேட்டால், "நீ சொன்னது சரிதானே டீச்சர், நான் எதுக்குக் கோபப்படணும்" என்பார், அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். டயாலிசிஸ் அறை பழையபடி ஆகிவிட்டது, ஆளாளுக்கு முகத்தை மூடிக்கொண்டு படுத்தார்கள். தையல்காரம்மா என் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டு, போகிற போக்கில், "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு டீச்சரம்மா, ஊசியை எடுத்து பலூனைக் குத்தற மாதிரி குத்திட்டீங்களே" என்றார். ஊசியோடு வாழ்கிறவர் சொன்னால் வலிக்கத்தான் செய்கிறது. லாரிக்காரர் மறுபடியும் பாதியில் அவிழ்க்கச் சொல்லி எழுந்து போக ஆரம்பித்தார். ஒரு நாள் காலையில் அவரை மூச்சுத் திணறலோடு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், முகமெல்லாம் உப்பி, உதடு நீலமாக. தாழ்வாரத்தில் என்னைக் கடந்து போகும்போது அவருடைய மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னைத் தெரிந்து பார்த்தாரா தெரியாமல் பார்த்தாரா தெரியவில்லை. லாரிக்காரர் பிழைத்துக்கொண்டார், பயப்படாதே. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது, உன் அப்பா திரும்பப் பேசியாக வேண்டும். நான் கெஞ்சினால் பேச மாட்டார், அவரை எனக்குத் தெரியும்.

பெரிய சிஸ்டரிடம் போய், நான் ஒரு கதை சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "இதுலயும் யாராவது சாகறாங்களா?" என்றார். இல்லை என்று சத்தியம் செய்த பிறகு விட்டார். எந்நேரமும் வீணையும் கையுமாக மூன்று உலகமும் சுற்றிக் கலகம் மூட்டுகிற முனிவரை எல்லோருக்கும் தெரியும், அவருக்கே ஒருவர்மேல் பொறாமை வந்த கதை அதிகம் பேருக்குத் தெரியாது. கடவுளின் சபையில் குதிரை முகப் பாடகர் ஒருவரை உள்ளே கூப்பிட்டுப் பாட வைத்துப் பரிசு கொடுத்தார்கள், இவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நான் இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று, வகுப்பில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல ஒருவர் குறட்டை விட்டார். முனிவர் ஓர் ஆந்தையிடம் போய்ப் பாட்டுக் கற்றுக்கொண்டார், கற்றுக்கொண்ட பிறகு என்று நான் அடுத்த வரிக்குப் போவதற்குள் ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "பிறகாம் பிறகு! ஒரு மனுஷன் ஆந்தைகிட்ட பாட்டு கத்துக்கிட்டான்னு சொல்றா, அதை ஒரே வரியில தாண்டிட்டுப் போறா. அந்த ஆந்தை எப்படி இருந்துச்சு, எங்க உக்காந்திருந்துச்சு, ஒண்ணும் கிடையாதா?" அவரைப் பேச வைக்க நான் வேண்டுமென்றே அப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறாயா, இல்லை கண்ணு. எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

அவ்வளவுதான், கதை கைமாறிவிட்டது. அவருடைய ஆந்தை மூக்குக் கண்ணாடி போட்டிருந்தது, கையில் சாக்பீஸ் வைத்திருந்தது, வெட்கப்படாதே, வாயைத் திற, எங்க மறுபடியும் சொல்லு என்று முனிவரையே முட்டி போட வைத்தது. பாடும்போது வெட்கம் கூடாது என்று ஆந்தை சொன்னது மூலக் கதையிலேயே இருக்கிறது, சாக்பீஸ் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், குறட்டைக்காரர்கூட விழித்துக்கொண்டு சிரித்தார். பாட்டுக் கற்றுக்கொண்ட முனிவர் குதிரை முகக்காரரைத் தோற்கடிக்கப் புறப்பட்டுப் போனால், அவர் வீட்டு வாசலில் கை போனவர்களும் கால் போனவர்களுமாக வரிசையாகக் கிடக்கிறார்கள். நீங்கள் யார் என்று கேட்டால், நாங்கள்தான் ராகங்கள், யாரோ ஒரு முனிவர் பாடிப் பாடி எங்களை இப்படி ஆக்கிவிட்டார், இவர் பாடினால் சரியாகிவிடும், அதற்குத்தான் வந்து படுத்திருக்கிறோம் என்கிறார்கள். "அவங்களும் வாரத்துக்கு மூணு தடவை வரணுமாக்கும்" என்றார் தையல்காரம்மா. முனிவர் வாசலில் அப்படியே நிற்கிறார் என்று சொல்லி அப்பா அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார், மீதி அடுத்த தடவையாம். லாரிக்காரர் கடைசி நிமிடம் வரை படுத்திருந்துவிட்டு, "அண்ணே, இது அநியாயம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கதையில் நான் யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வாழ்நாள் முழுக்க உதாரணம் சொன்னவளுக்கு உதாரணம் புரியாதா? ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ராகங்களை ஊனமாக்கின அந்த முனிவர் கடைசி வரை பாடுவதை விடவில்லை.

கேட்டுக்கொள், இன்னும் இருக்கிறது. அன்றைக்கு எடை பார்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் லாரிக்காரர் என்னைத் தனியாகப் பிடித்தார். அந்தப் பெரிய குரலைத் தாழ்த்தி, "டீச்சரம்மா, கோலால குத்திக்கிட்டாரே அவரு, நெஜமாவே செத்துட்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலை மட்டும் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை அந்தக் காலத்து வைத்தியத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் எடுக்க விடாமல்தான் செத்தார் என்பது உறுதி, இன்றைக்கு உங்களுக்கு அவரைவிட நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றேன். தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரமே விரலை எடுக்கச் சம்மதித்துவிட்டார். புண் ஆறிக்கொண்டு வருகிறது, இனிமேல் செருப்பு வாங்கும்போது தள்ளுபடி கேட்கலாம் என்று அவரே கேலி செய்துகொள்கிறார். இதுவரைக்கும் நல்ல செய்தி. இப்போது அவர் எல்லோரிடமும் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார் தெரியுமா, "அண்ணன் அந்தக் கதையைச் சொல்லலைன்னா என் காலே போயிருக்கும்" என்று! அண்ணன் சொன்ன கதையில் அந்த ஆள் ஒற்றைக் காலில் ஆடிப் பிழைத்துக்கொண்டாரே ஐயா! உங்கள் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு, அடக்கமாகப் புன்னகை செய்துகொண்டு, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டால், "அவன் மனசுல எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும் டீச்சர், கால் மிச்சமாச்சே" என்கிறார். இப்போதெல்லாம் காலையில் புறப்படும் முன் என்னிடம் வந்து, இன்றைக்கு என்ன என்று கேட்கிறார். நான் தேடி ஒத்துப் பார்த்து வைத்ததைச் சொல்கிறேன். ம் என்று கேட்டுக்கொள்கிறார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதவு வழியாகச் சிரிப்பைக் கேட்கிறேன்.

ஆனால் ஒரு கதையை அவரிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஓர் இசைக்கலைஞர் இருந்தார், கச்சேரியும் பாட்டு வகுப்புமாக வாழ்ந்தவர், அவருக்கு வானத்தைப் பார்க்கிற பித்துப் பிடித்துக்கொண்டது. தங்கை நன்றாகப் பாடுவாள், அவளைத் தனியாகப் பாடக் கூப்பிடும் அளவுக்குப் பெயரும் வந்துகொண்டிருந்தது. அண்ணன் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்க உட்கார்ந்தால் கையை எடுக்க முடியாது, அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஊட்டி விடுவாள், கதை படித்துக் காட்டுவாள். பாட்டு மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. அண்ணன் ஒரு புதிய கிரகத்தையே கண்டுபிடித்தார், உலகமெல்லாம் அவர் பேச்சு. ஒரு தடவை அண்ணன் வெளிநாடு போயிருந்தார். அவள் தன் சின்னத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு தனியாக வானத்தைத் துழாவினாள், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் இன்னும் பல. இதை உன் அப்பா கையில் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா, அந்தத் தங்கை கரண்டியை வைத்துக்கொண்டு அண்ணன் வாயைத் தேடி வீடெல்லாம் ஓடுவாள், கண்ணாடியில் குழம்பு சிந்தும், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், வால்நட்சத்திரம் வருவதற்குள் மெஷின் நேரம் முடிந்துவிடும். மாட்டேன். இதில் வால்நட்சத்திரம் வந்தாக வேண்டும்.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அப்பா வராத நாட்களில் அதே நாற்காலிகளில் வேறு ஆட்கள் வந்து படுக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று பெரிய சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். முந்தாநாள் என்னைக் கூப்பிட்டு, "லாரிக்காரர் உங்ககிட்ட என்ன கேட்டார்னு எனக்குத் தெரியும், பக்கத்துலதான் நின்னேன். நீங்க வர்றீங்களா? யாராவது செத்தா செத்தாங்கன்னே சொல்லுங்க, பரவாயில்லை" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குத்தான் முதல் நாள். தூங்கினால் தூங்கட்டும், வகுப்பில் பார்க்காத தூக்கமா. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இத்தனை பல் இவளுக்கு ஏது என்று இன்னும் கொஞ்ச நாளில் அவருக்குச் சந்தேகம் வரும், உன்னிடம்தான் கேட்பார். எதுவும் தெரியாது என்று சொல். நீ அவர் கட்சிதான், தெரியும், இந்த ஒரு தடவை என் பக்கம் நில். நான் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, எங்கே போகிறாள், யார் அவளைச் சிரிக்க வைக்கிறார்கள் என்று அவரும் கொஞ்ச நாள் யோசிக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, நூறு வயது இருக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடி, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. இங்கே அளந்து குடிக்கிறவர்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட சாதாரணமாகத் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பா எடுத்தால், முதலில் என்னிடம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா சொல்லும் கதைகளுக்கெல்லாம் சொந்தக்காரியான,
அம்மா